ஷூக் காலோடு ஆற்றில் நடந்தது

2025 ஜூலை 11, வெள்ளிக்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். மோட்டார் போட்டு மாடித் தொட்டியை நிரப்பினேன். பால் காய்ச்சி டீ போட்டுக் குடித்து, தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். செய்தித்தாளில் உள்ளூர்ப் பக்கத்தை மட்டும் படித்தேன். செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றினேன். வார நாட்களில் கள்ளக்குறிச்சி வீட்டில் நான் தனி ஆள் என்பதால் இந்த வரிசை மாறுவதில்லை.

என் மனைவி கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கும் அப்பால், ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் ஆசிரியை. திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் ஏறிப் போனால் சனிக்கிழமைதான் இறங்குவாள். பள்ளி வளாகத்திலேயே அவளுக்கு ஓர் அறை உண்டு. நான் நில அளவைப் பிரிவில் புல வரைபடம் வரைகிறவன். யாருடைய நிலம் எங்கே முடிகிறது என்று கோடு போடுவது என் வேலை. களமருதூர்ப் பக்கம் ஒரு வரப்பை ஒரு முழம் தள்ளி வரைந்துவிட்டால் அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றுபோகும். காகிதத்தில் இருக்கும் கோட்டை வெறும் கோடு என்று என்னிடம் யாரும் சொல்ல முடியாது. பின்னால் வருவதைப் படிக்கும்போது இது நினைவிருக்கட்டும்.

அன்று தற்செயல் விடுப்பு எடுத்திருந்தேன். மனைவியின் பள்ளியில் ஒரு சின்னக் கார்ட்டூன் படத்தைப் போட்டுக் காட்டி, பிள்ளைகளிடம் அதைப் பற்றிப் பேச வேண்டும். மடிக்கணினி, சார்ஜர், திரையில் படம் விழவைக்கும் கருவி, அதற்கான இரண்டு வயர்கள், பிஸ்கட் பாக்கெட்டுகள் எல்லாவற்றையும் முதல் நாளே பையில் அடுக்கிவிட்டேன். காலையில் செய்த ஒரே புதிய வேலை ஷூவுக்குப் பாலிஷ் போட்டது. வழக்கமாக நான் போடுவது தோல் செருப்பு. தலைமையாசிரியர் நாற்காலி போட்டு உட்காரவைப்பார், துண்டு போர்த்துவார் என்று மனைவி சொல்லியிருந்தாள். துண்டுக்கும் செருப்புக்கும் பொருந்தாது என்று எனக்குத் தோன்றியது.

அந்தப் படத்தை முதலில் பார்த்தபோது கச்சிராயபாளையத்தில் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அரசாங்க விளம்பர வண்டி ஒன்று வந்து பள்ளி மைதானத்தில் வேட்டி போலத் திரை கட்டியது. குடும்பக் கட்டுப்பாட்டுப் படம் ஒன்று, உரம் போடுவது பற்றி ஒன்று. இரண்டுக்கும் நடுவே, பெரிய சுருளை மாற்றும் நேரத்துக்கு, ஆபரேட்டர் சின்ன மெஷினில் எதையோ ஓடவிட்டார். பேச்சு இல்லை. பெயர் கூட வரவில்லை; சுருளின் தலைப்பகுதி அறுந்திருந்தது. பெரியவர்கள் எழுந்து பீடி பிடிக்கப் போனார்கள். நான் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தேன்.

படம் இவ்வளவுதான். ஒரு வீடு, வெளியே மழை. ஒரு குழந்தை தரையில் தனியாக இருக்கிறது. அம்மாவின் தையல் கூடையிலிருந்து ஒரு நூலை இழுத்துத் தரையின் குறுக்கே போடுகிறது. எல்லாம் பென்சில் கோடாகத்தான் இருக்கிறது, அந்த நூலைத் தவிர. நூல் நீலமாகிறது, அகலமாகிறது, ஓட ஆரம்பிக்கிறது. கவிழ்த்த முக்காலி ஓடமாகிறது. அக்கரையில் வீட்டுப் பூனை. குழந்தை அதைக் காப்பாற்றத் துடுப்புப் போடுகிறது.

அப்போது பெரியவர்கள் வருகிறார்கள். படம் முழுவதும் குழந்தையின் கண்மட்டத்திலேயே வரையப்பட்டிருப்பதால், பெரியவர்கள் என்றால் முழங்காலுக்குக் கீழே மட்டும்தான். முதலில் ஒரு ஜோடி பூட்ஸ். அது ஆற்றில் நேராக இறங்கி நடக்கிறது. தண்ணீர் தெறிக்கவில்லை. பூட்ஸ் படும் இடத்தில் எல்லாம் ஆறு செத்து வெறும் நூலாகிறது, முக்காலி முக்காலியாகிறது. நிறம் முழுக்க வடிந்துவிடுகிறது. கொஞ்ச நேரம் கழித்து வெறுங்காலோடு ஒரு பெண் வருகிறாள். இடுப்பில் இருக்கும் கூடையிலிருந்து நனைந்த துணிகளின் முனை மட்டும் தொங்குவது தெரிகிறது. நூலுக்கு முன்னால் அந்தக் கால்கள் நிற்கின்றன. ஒரு கை கீழே வந்து பாவாடையை முழங்கால் வரை தூக்கிப் பிடிக்கிறது. அவள் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து, ஆழம் தெரியாதவள் போல நடந்து, அக்கரை ஏறுகிறாள். அவள் ஏறிய பிறகு தரையில் ஈரக் காலடிகள் இருக்கின்றன. அவை ஒவ்வொன்றாகக் காய்கின்றன. படம் முடிகிறது.

அதை மறுபடி பார்க்க எனக்கு முப்பது வருடத்துக்கு மேல் ஆனது. ஒருநாள் இணையத்தில் எதையோ தேடும்போது தானாக வந்து நின்றது. முகப்பில் பெயர் இருந்தது. எனக்கு வாசிக்கத் தெரியாத ஏதோ நாட்டு எழுத்து. பார்த்தவர்கள் மிகக் குறைவு. கீழே ஒருவரும் ஒரு வார்த்தை எழுதியிருக்கவில்லை. அதை இறக்கி வைத்துக்கொண்டேன். கோடுகள் எப்படி நடுங்குகின்றன என்று பார்ப்பேன். ஒவ்வொரு படத்தையும் கையால் திரும்பத் திரும்ப வரைந்ததால் சுவர்கூட மூச்சு விடுவது போல இருக்கும். நேர்கோடு போட்டே சம்பளம் வாங்கும் எனக்கு அந்த நடுக்கத்தின் மேல் ஒரு பொறாமை.

அந்த ஈரக் காலடி பற்றி எனக்கும் மனைவிக்கும் ஓயாத சண்டை. துணிக்கூடையிலிருந்து சொட்டிய தண்ணீர் என்பது என் கட்சி. நிறுத்தி நிறுத்திப் பார்த்துச் சொட்டு விழுவதைக் காட்டுவேன். "ஆத்துல எறங்கினா காலு நனையாதா? இதுக்குக் கண்ணாடி வேற போட்டுக்கினு பாக்கணுமா?" என்பாள் அவள். "வாயில எத வேணும்னா சொல்லுங்க. அந்த நூலு நம்ம வூட்ல கெடந்தா மொதல்ல வேட்டியைத் தூக்கறது நீங்கதான்."

அதை அவள் உண்மையாகவே நம்பினாள். அதுதான் வினையாயிற்று.

மலையில் என்னை வைத்து ஒரு பந்தயம் நடந்துகொண்டிருந்தது. எனக்கு அது அன்று மாலைதான் தெரிந்தது. ஆனால் படிக்கிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுவது நேர்மை. ஜூனில் பள்ளி திறந்த புதிதில் மனைவி இந்தப் படத்தைக் கதையாகச் சொல்லியிருக்கிறாள். பிள்ளைகள் முற்றத்தில் சொந்தமாக ஓர் ஆறு செய்துவிட்டார்கள். வெளிவாசலில் தொடங்கித் தலைமையாசிரியர் அறையின் படி வரைக்கும், இரண்டு பக்கமும் கற்களை வரிசையாக வைத்து, வெள்ளையடித்து மிஞ்சிய சுண்ணாம்பை அவற்றில் தடவியிருக்கிறார்கள். இவை கரைகள். உடைந்த கரும்பலகை ஒன்றில் கயிறு கட்டியிருக்கிறார்கள். இது ஓடம். ஒருவர் உட்கார, இருவர் இழுப்பார்கள். கூலி ஒரு கடுக்காய். ஓடக்காரி நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி. தலையில் எண்ணெய் வழிய இரண்டு பின்னல், குரல் மட்டும் பஞ்சாயத்துத் தலைவருக்கு உரியது.

பெரியவர்களுக்கு ஓடத்தில் இடமில்லை. வகுப்பறைகளும் ஆசிரியர் அறைகளும் இக்கரை. சமையலறையும் குழாயும் விடுதியும் அக்கரை. எல்லாப் பெரியவர்களும் தண்ணீர் மேலேயே நடந்து போனார்கள். சமையல்கார அம்மா சோற்றுக் குண்டானோடு நடந்தார். முட்டை கொண்டுவருகிறவர் மோட்டார் சைக்கிளே ஓட்டினார். என் மனைவி மட்டும் கட்டடத்தின் பின்பக்கமாக, புதர் ஓரமாகச் சுற்றிக்கொண்டு போய்க் குழாயில் தண்ணீர் பிடித்தாள். ஓடத்தில் ஏற அவளுக்கு அவ்வளவு ஆசை. ஐம்பது வயதில் அந்தப் பலகையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து அக்கரைக்குப் போக வேண்டும். ஓடக்காரி ஒத்துக்கொள்ளவில்லை.

"நீங்க டீச்சரு. உங்களுக்குக் கதை தெரியும். அதான் சுத்திக்கினு போறீங்க. தெரியாத பெரியவங்க ஒருத்தராச்சும் கரையில நிக்கட்டும். அப்பால ஏத்தறேன்."

"எங்க வூட்டுக்காரரு வர்றாரு. அவரு நிப்பாரு."

"நீங்க சொல்லிக் குடுத்துடுவீங்க."

"சொல்ல மாட்டேன். சத்தியம்."

சொல்லவும் இல்லை. வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்தபோதுகூட ஒரு வார்த்தை விடவில்லை.

பஸ் கச்சிராயபாளையத்தில் நின்றபோது, கோமுகி அணைப் பக்கம் கரும்பு போடுகிற ஒருவர் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் பங்காளிகளோடு வழக்கு நடத்தியபோது வரைபடம் போட்டுக் கொடுத்தது நான்.

"இன்னா சார், மலைய அளக்கவா?"

"இல்லீங்க. பள்ளிக்கூடத்துல ஒரு படம் காட்டணும்."

"யாரு நடிச்சது?"

"கார்ட்டூனுங்க."

அவர் என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். ஷூவில் பார்வை நின்றது. "கார்ட்டூனு காட்டறதுக்கா இந்தப் பளபளப்பு? கலெக்டரு மாதிரி இல்ல போறீங்க! எங்க கொல்லையில அளக்க வந்தப்ப ரப்பர் செருப்பு போட்டுக்கினு சேத்துல நின்னீங்க."

"நான் அங்க பேசணுங்க."

"பேசுங்க, பேசுங்க. காலுதான் மொதல்ல பேசுது."

நான் சிரித்தேன். கலெக்டர் என்ற சொல் மட்டும் மண்டைக்குள் ஏறி அப்படியே உட்கார்ந்துகொண்டது. ஏற்ற வளைவுகளில் பஸ் முனகிக்கொண்டு போகும்போது, கைக்குட்டையால் ஷூவை இன்னொரு தடவை துடைத்தேன்.

இனிமேல் எழுதுவதை எழுத எனக்குக் கை கூசுகிறது.

எங்கள் துறையில் இருப்பவர்களுக்கு ஒரு வழக்கம் தெரியும். பெரிய அதிகாரி ஆய்வுக்கு வருகிறார் என்றால், வாகனம் நிற்கும் இடத்திலிருந்து அவர் நடக்கப்போகும் வழியின் இரு பக்கமும் சுண்ணாம்புக் கோடு போடுவார்கள். கல் இருந்தால் கல்லுக்கு வெள்ளையடிப்பார்கள். சேறாக இருந்தால் நடுவே பலகை போடுவார்கள். ஊர்க்காரர்கள் இரு பக்கமும் நிற்பார்கள். அப்படிப்பட்ட வழிகளில் நான் எத்தனையோ முறை நடந்திருக்கிறேன், எப்போதும் கடைசி ஆளாக, வரைபடக் குழலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. எனக்காக யாரும் போட்டதில்லை.

பள்ளி வாசலில் கால் வைத்ததும் பார்த்தேன்: இரண்டு வரிசை வெள்ளைக் கற்கள். இரு பக்கமும் பிள்ளைகள் நெருக்கியடித்து நிற்கிறார்கள். ஒரு சத்தம் இல்லை. எதிர்முனையில், படியில், தலைமையாசிரியர் கையில் துண்டோடு நிற்கிறார். அவர் பக்கத்தில் என் மனைவி. இரண்டு கைகளையும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு எதிர்பார்ப்பை நான் பார்த்து வெகு நாளாயிற்று. என்னைப் பற்றிய பெருமை என்று நினைத்தேன். சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, கற்களுக்கு நடுவே நடந்தேன்.

ஆற்றைத் தாண்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. நான் அதன் நடுவிலேயே, வாசலிலிருந்து படியை நோக்கி, நீளவாட்டில் நடந்தேன். இரு பக்கமும் தலையை லேசாக ஆட்டி வணக்கம் வைத்தேன். ஓரிடத்தில் வரிசை வளைந்திருந்தது. ஒரு கல் உள்ளே துருத்திக்கொண்டிருந்தது. வேலைப் பழக்கம், ஷூ நுனியால் அதைத் தள்ளி நேராக்கினேன். வழியில் பலகை கிடந்தது. சேற்றுக்காகப் போட்டது என்று அதன் மேலும் ஏறினேன். அது ஒரு பக்கம் சாய்ந்து டமாரென்று கவிழ்ந்தது.

"ஓடம் கவுந்துச்சு!" என்றது ஒரு குரல். பின்னல் போட்ட பெண். பிறகு, தீர்ப்புச் சொல்வது போல: "சாரு முழுகிட்டாரு."

அவ்வளவுதான். இரண்டு கரையும் சேர்ந்து கத்தியது. "முழுகிட்டாரு! முழுகிட்டாரு!"

"இன்னாது?" என்றேன்.

"இது ஆறு சார். நீங்க நட்டாத்துல இருக்கீங்க."

அந்த நொடியில் எனக்குப் புரிந்துவிட்டது. கல்லும் பலகையும் கயிறும் ஒன்றாகச் சேர்ந்து, ஒரு வினாடிக்குள், நாற்பது வருடமாக நான் தலையில் வைத்திருந்த படமாக மாறி நின்றன. தெரியாமல் நடந்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை. அந்த இடம் வரைக்கும்தான் தெரியாமல். அதற்கு மேல் தெரிந்துதான். இரண்டு எட்டு வைத்தால் கரை. பாதியில் மூழ்குகிறவன் போலக் கையை ஆட்டியிருந்தால்கூடப் போதும். ஆனால் தலைமையாசிரியர் துண்டை விரித்துப் பிடித்துவிட்டார். அவர் முன்னால் பேன்ட்டைத் தூக்கிக்கொண்டு, இல்லாத தண்ணீரில் தத்தளிக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

"ரெண்டு வரிசை கல்லு வெச்சா ஆறாயிடுமாம்மா?" என்றேன், அந்தப் பெண்ணிடம், அதிகாரிகள் சிரிப்பது போலச் சிரித்துக்கொண்டு. "இது பாதை."

சொல்லிவிட்டு மீதித் தூரத்தையும் நடந்தேன். துண்டு விழுந்தது. மனைவியின் கைகள் நெஞ்சிலிருந்து இறங்கித் தொங்கிக்கொண்டிருந்தன. ஓடக்காரி கவிழ்ந்த பலகையைப் புரட்டிப்போட்டாள். பிறகு நான் நேராக்கிய கல்லை மறுபடி உள்ளே தள்ளி, பழையபடி வளைத்து வைத்தாள்.

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் படம். வகுப்பறை ஜன்னல்களில் போர்வை கட்டியிருந்தார்கள். முதலில் பிஸ்கட் கொடுத்தேன். என் கையிலிருந்து வாங்கிய பையன் ஒருவன் பாக்கெட்டைத் தலைகீழாகப் பிடித்து உதறினான்.

"இன்னாடா பண்றே?" என்றாள் மனைவி.

"தண்ணி டீச்சர். முழுகினவரு பையில இருந்தது."

அதற்குப் பிறகு எல்லாருமே உதறினார்கள். சிலர் சட்டையில் துடைத்தும் சாப்பிட்டார்கள். தலைமையாசிரியர் சிரித்தார், நானும் சிரிப்பது போல வாயை வைத்துக்கொண்டேன்.

கோடுகள் ஏன் நடுங்குகின்றன, குழந்தை நினைப்பதற்கு மட்டும் ஏன் நிறம் என்று பேசத் தயார் செய்திருந்தேன். பேசினேன். ஒரு கேள்வி கேட்டேன்: "மழை பெய்யற நாள்ல வூட்டுக்குள்ள நீங்க இன்னா விளையாடுவீங்க?" ஒருவரும் வாய் திறக்கவில்லை. கெட்ட எண்ணத்தில் இல்லை. விளையாட்டின் சட்டம் அப்படி. மூழ்கியவர் பேசினால் கரையில் இருப்பவர்களுக்குக் கேட்காது. முன்வரிசையில் ஒரு சின்னப் பெண் பதில் சொல்ல வாயெடுத்தாள். ஓடக்காரி அவள் வாயைப் பொத்தினாள். அதே கேள்வியை மனைவி கேட்டபோது அறையே கூவியது.

படத்தைப் போட்டேன். நூல் நீலமாகும் இடத்தில் "ஆ" என்றார்கள். எனக்கு ஐந்தாம் வகுப்பில் அதே சத்தம்தான் வந்திருக்க வேண்டும். முக்காலி மிதந்தது. பூனைக்குக் கையாட்டினார்கள். பிறகு பூட்ஸ் வந்தது.

ஒரு தலை திரும்பியது. பிறகு இன்னொன்று. பிறகு அந்த அறையில் இருந்த எல்லாப் பிள்ளைகளும் திரையை விட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். என் முகத்தைப் பார்த்தவர்கள் பாதிப் பேர். மீதிப் பேர் கீழே, ஷூவை. நாற்காலிக்கு அடியில் கால்களை இழுத்துக்கொண்டேன். திரையின் வெளிச்சம் அந்தப் பாலிஷில் விழுந்து மின்னியது.

பார்வையைத் திரையில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்ததால் அந்தப் பூட்ஸ் பகுதியை அன்று ஒழுங்காகப் பார்த்தேன். எத்தனையோ முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்தவன்தான். ஆனால் என் கவனம் எப்போதும் ஆறு நூலாவதில் இருக்கும், அல்லது அடுத்து வரப்போகும் வெறுங்கால்களுக்காகக் காத்திருக்கும். பூட்ஸ்காரன் ஆற்றை மிதித்துவிட்டுப் போகும்போது ஒரு கை கீழே வந்து குழந்தையின் மடியில் ஒரு பழத்தை வைக்கிறது. அவன் கெட்டவன் இல்லை. ஏதோ கடைக்குப் போய்விட்டு, மழையில் நனைந்து, பிள்ளைக்குப் பழம் வாங்கி வந்தவன். குழந்தை பழத்தைப் பார்ப்பதே இல்லை.

நான் பிஸ்கட் வாங்கி வந்தவன். அது எனக்கு ஆறுதலாக இல்லை.

ஒரு படத்தை விரும்புகிறவன் தன்னை அதில் நல்ல இடத்தில்தான் உட்காரவைத்துக்கொள்கிறான். இத்தனை வருடமும் நான் அந்தக் குழந்தையாக இருந்தேன். வயது ஏறியதும் சத்தமில்லாமல் அந்த வெறுங்கால்காரியாகிவிட்டேன். பூட்ஸ் வேறு யாருடையதோ. மேலதிகாரிகளுடையது, மைதானத்தில் பீடி பிடிக்க எழுந்து போனவர்களுடையது. என் அளவில் ஒரு ஜோடி இருக்கும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. அதுவும் நானே பாலிஷ் போட்டது.

வெறுங்கால்கள் வந்து நின்று, கை பாவாடையைத் தூக்கியபோது பின்வரிசைப் பிள்ளைகள் முட்டி போட்டு எழும்பிப் பார்த்தார்கள். ஈரக் காலடிகள் காய்ந்தபின் அந்த ஓடக்காரி திரும்பி என் மனைவியைப் பார்த்தாள். பாவம் பார்க்கும் பார்வை.

மாலையில் மழை பிடித்துக்கொண்டது. மனைவியின் அறையில் ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், ஜன்னலில் காயும் துணி. மறுநாள் காலை பஸ்ஸில் இருவரும் சேர்ந்து இறங்குவதாக ஏற்பாடு. அவள் ரவையை வறுத்துக்கொண்டே பந்தயத்தைச் சொன்னாள். ஒவ்வொன்றாகச் சொன்னாள், கோபம் இல்லாமல், வேறு யாருக்கோ நடந்தது போல.

"ஒரு சாடை காட்டியிருக்கலாம் இல்ல?" என்றேன்.

"காட்டினா அது பந்தயமா? அதுவுமில்லாம, உங்களுக்குப் போயி நான் சாடை காட்டணுமா? கல்யாணம் ஆன நாளா அந்தப் படத்தை வெச்சு நீங்கதான் எனக்குச் சாடை காட்டிக்கினு இருந்தீங்க."

"வெள்ளையடிச்ச கல்லு, ரெண்டு பக்கமும் பசங்க. பாதைன்னு நெனைச்சிட்டேன்."

"அதனால இன்னா. எல்லாரும் அப்படித்தான் நெனைச்சாங்க."

எல்லாரும். அவள் ஆறுதலாகத்தான் சொன்னாள். சமையல்கார அம்மா, முட்டைக்காரர், தலைமையாசிரியர், நான்.

வெங்காயத்தை நறுக்கிக் கொடுத்தேன். ஒரே அளவாக வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, எதையாவது சொல்லித் தேற்றிக்கொள்ள வேண்டும் என்று, "முழுக்கவே தெரியாமத்தான் நடந்தேன்" என்றேன்.

அவள் ஸ்டவ்வைக் குறைத்தாள்.

"ஓடம் கவுந்தப்பறம் உங்க காலு நின்னுச்சு. நான் பாத்துக்கினுதான் இருந்தேன். கொஞ்ச நேரம் நின்னுச்சு. தோ, பேன்ட்டைத் தூக்கப் போறாருன்னு நெனைச்சேன். அப்பறம் நீங்க ஹெட்மாஸ்டரைப் பாத்தீங்க."

இருபத்தைந்து வருடம் ஒருவரோடு வாழ்ந்தால், முகத்தை மறைக்கலாம், காலை மறைக்க முடியாது.

"உனக்கு ஓடத்துல ஏறணும்னு அவ்ளோ ஆசையா?"

"இருந்துச்சு," என்றாள். "உப்பு கம்மியா இருந்தா சொல்லுங்க."

உப்புச் சரியாக இருந்தது. கம்மி என்று சொல்லி ஒரு பேச்சை வளர்த்திருக்கலாம். சாப்பிட்டு முடித்து இரண்டு தட்டையும் கழுவினேன். ஷூவைக் கட்டிலுக்கு அடியில், சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தேன்.

2025 ஜூலை 12, சனிக்கிழமை. எழுந்தபோது மழை விட்டிருந்தது. மனைவி வாளியை எடுத்தாள். அதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். முதலில் செய்தது அதுதான், பல்கூட விளக்கவில்லை.

வெறுங்காலோடு வெளியே வந்தேன். முற்றத்தில் கற்கள் அப்படியே இருந்தன; சுண்ணாம்பு மட்டும் மழையில் பாதி கரைந்திருந்தது. குழாய் நேர் எதிரே, கூப்பிடு தூரம்கூட இல்லை. நான் கட்டடத்தின் பின்பக்கம் திரும்பினேன். புதர் ஓரமாக ஒற்றையடித் தடம் ஒன்று விழுந்திருந்தது. இத்தனை நாளில் என் மனைவி ஒருத்தி நடந்து நடந்து விழுந்த தடம். அதிலேயே நடந்து, சமையலறையின் பின்னால் சுற்றி, குழாய்க்குப் போனேன்.

அங்கே ஓடக்காரி பல் விளக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இன்னொரு பெண். நான் வாளியைக் குழாய்க்கு அடியில் வைத்தேன். இருவரும் என்னைப் பார்க்கவில்லை. வாளி நிறைந்தது, எடுத்துக்கொண்டு திரும்பினேன். வந்த வழியே, பின்பக்கமாக.

"பொணம் தண்ணி தூக்கிக்கினு போவுதுடி," என்றாள் ஓடக்காரி, வாயில் நுரையோடு.

"சுத்திக்கினு போவுது பாரு."

"செத்தப்பறம் சுத்தினா இன்னா, சுத்தாட்டி இன்னா?"

தூரம் ஜாஸ்தி. நிறைந்த வாளி எட்டுக்கு எட்டு ததும்பிக் கால் மேல் ஊற்றியது. அறையின் முன்னால் இருக்கும் சிமெண்டுத் தரையில் ஏறி வாளியை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். என் ஈரக் காலடிகள் வரிசையாக இருந்தன. மனைவி கதவோரம் நின்று அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாளித் தண்ணீர்தான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.